பெட்டியோடு நடக்கும் பெண்

அன்புத் தங்கைக்கு,

இதை உன் பையில் துணிகளுக்கு அடியில் வைக்கிறேன். விடுதிக்குப் போய்ப் படி.

நான் படித்த, இப்போது நீ போகிற அந்தப் பல்கலைக்கழகம் இன்னும் என் கனவில் வருகிறது. நம் மலையின் மூடுபனிக்குள் நடப்பதுபோல இருக்கும். ஆயிரம் பேர் கடந்து போவார்கள். ஒரு முகமும் மனதில் நிற்காது. வகுப்புக்குப் போகாவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள். நூலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார். மழை அழகாகத் தெரியும்.

நம் ஊரில் எதிரே வருகிறவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்காமல் விடமாட்டார்கள். அங்கே ஒருநாள் பெட்டியோடு கேட் வரை நடந்தேன். யாரும் கேட்கவில்லை. நம் மலையடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் ஏறிய ஒரு அம்மாதான் முதலில் கேட்டார்.

"எங்க கண்ணு போற?"

"ஊட்டுக்குங்க."

அதற்குள் பஸ் மலையேறத் தொடங்கிவிட்டது. நான் திரும்பிப் போகவே இல்லை; மூன்று வருடம் ஆகிவிட்டது.

அங்கே யாராவது பெட்டியோடு தனியாக நடந்தால், நீ கேள்.

உன் அக்கா