கத்திரி வெயிலும் கண்ணாடிப் பெட்டியும்

இன்று கத்திரி தொடங்குகிறது. மொட்டை மாடியில் மருமகள் ஆள் வைத்து வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லியிருக்கிறாள், வீடு குளிருமாம். சூடேறிய தளத்தில் சுண்ணாம்பு காயும் வாசனை படி வழியாக என் அறைக்கு இறங்கி வருகிறது. கீழ் வீட்டுக்காரர் வெயிலைத் திட்டுகிறார், காய்கறிக்காரர் திட்டுகிறார், தொலைக்காட்சியும் தன் பங்குக்குத் திட்டுகிறது. நான் அறிந்தவரை திட்டாத ஒரே ஆள் நீதான். அதனால் உனக்கு எழுதுகிறேன். போய்ச் சேராது என்று தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த ஐஸ்கிரீம் கம்பெனியில் நீ குளிரறையில் இருந்தாய். நான் கணக்குப் பிரிவில், மின்விசிறியின் கீழ். ஆண்டு முழுவதும் உனக்கு மார்கழிதான். பெட்டிகளை அடுக்கிவிட்டு வெளியே வந்ததும் கம்பளிக் குல்லாயையும் கனத்த கோட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஷெட்டின் தகரச் சுவரில் முதுகைச் சாய்ப்பாய். நான் குடையும் கையுமாக வராந்தாவிலேயே நிற்பேன்.

"இன்னா கணக்கரே, வெயிலு உன்ன கட்ச்சிடுமா? வா, இப்டி வந்து நில்லு. சொம்மா கெடைக்குது."

"எனக்கு ஒத்துக்காதுப்பா. தலை சுத்தும்."

"உனுக்கு எதான் ஒத்துக்கும்? மழ வந்தா சளி, பனி வந்தா மப்ளரு. பேசாம உன்ன பீரோல வெச்சுப் பூட்டிடலாம்."

ஓய்வு பெற்ற பிறகு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடப்போம். நிழல் பக்கம் எனக்கு, வெயில் பக்கம் உனக்கு. அங்கேதான் ஒருநாள், சிரிக்காமல் சொன்னாய்: "நான் போய்ட்டா அந்த ஐஸ் பொட்டில மட்டும் போடக் கூடாது. அன்னிக்கே எட்த்துகினு போய்டணும். பாதி ஆயுசு அதுக்குள்ளதான இருந்துகீறேன்."

நீ போனதும் ஒரு கத்திரியில்தான். நான் வந்து சேர்ந்தபோது வாசலில் ஷாமியானா போட்டாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியும் வந்து, உன்னை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். உன் மச்சான்தான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"பெட்டி வேண்டாம்னு சொல்லியிருந்தாருங்க. அன்னைக்கே எடுத்துடணும்னு."

"சாரு, பையன் கனடாலேர்ந்து வந்துகினுகீறான். மூஞ்சி பாக்க வாணாமா? இந்த வெயில்ல சொம்மா வெச்சா இன்னா ஆவும், நீயே சொல்லு."

உன் மனைவியிடமும் சொன்னேன். "என்கிட்டயும் சொல்லிகீதுண்ணா. புள்ள வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் வெந்துபோய் வந்தார்கள். கும்பிட்டுவிட்டுக் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார்கள். வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. "மாமே, இப்டி குந்து, ஜில்லுனு கீது" என்று ஒருவன் இன்னொருவனுக்கு இடம் விட்டான். "நைனாவுக்குக் குட்த்து வெச்ச சாவுடா. கத்திரில ஏசி!" என்றான் மற்றவன்.

"கையை எடுங்க" என்றேன். அவர்களுக்குக் கேட்டதா தெரியவில்லை.

வாழ்த்தும்போது மனம் குளிர என்கிறோம். சபிக்கும்போது வயிறு எரிய என்கிறோம். குளிர்ச்சி என்றால் நல்லது, சூடு என்றால் கெட்டது என்று பேசியே பழகிவிட்டோம். உன்னை வதைப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை. உபசாரம் செய்வதாகத்தான் நினைத்தார்கள். ஒருவேளை நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ என்று அன்றும் சந்தேகம் வந்தது, இன்றும் வருகிறது.

மறுநாள் மாலை உன் மகன் வந்தான். மூடியைத் திறந்தார்கள். உன் கன்னத்தைத் தொட்டவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அப்பாவுக்குக் குளிருமே. யாராவது ஒரு போர்வை குடுங்க."

"இந்த வெயில்லயா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

போர்வை வந்தது. அதற்குள் மேளக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். அதை யாரோ வாங்கி நாற்காலிமேல் போட்டார்கள். இவனுக்காகத்தானே பெட்டி என்று உன் மகன்மீது எனக்கிருந்த கோபத்தை அங்கேயே விட்டிருக்கலாம். முடியவில்லை. இந்தக் கத்திரியிலும் அது என்னிடம்தான் இருக்கிறது. இப்போது யார்மேல் என்று கேட்டால் ஒரு பெயரும் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் உனக்கு நல்லதைத்தான் செய்தார்கள்.