பலகைக்கு அடியில்

அன்புள்ள கலை,

குடியாத்தத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகும் கோபம் தணிந்திருக்காது. ஆனாலும் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆம்பூரில் பிரியாணிக் கடை போட்டேன், மூன்று ஓட்டல் நடத்தினேன், எதற்கும் பயந்ததில்லை. தோல் பதனிடும் அந்தப் பழைய டேனரியை வாங்கி பப் ஆக்கியபோதும் பயமில்லை. உன் அப்பா விழுந்து எழாத சுண்ணாம்புக் குழியையாவது மண் போட்டு மூடச் சொன்னாய். அடியில் காலியாக இருந்தால் பாட்டு நன்றாக அதிரும் என்று, ஆடுவதற்கு மேலே பலகை மட்டும் அடித்தேன்.

பாட்டை நிறுத்தினாலும் அடியில் காலடிச் சத்தம் நிற்கவில்லை. பெருக்க வரும் முனியம்மா பலகையில் காதை வைத்துக் கேட்டாள். "தோலு மிதிக்கிறாங்க சார். ஒரு காலு மட்டும் இழுக்குது" என்றாள். உன் அப்பா ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார்; அந்த நடையை அவள் பார்த்ததே இல்லை.

இன்று காலை சத்தம் இல்லை. பலகையிலிருந்து வாசல்வரை வெள்ளைக் கால்தடங்கள், ஈரம்கூடக் காயவில்லை. வெளியே அவை குடியாத்தம் ரோட்டில் திரும்பியிருக்கின்றன.

டேனரியிலிருந்து வந்தால் கால் கழுவாமல் அப்பா உள்ளே வரமாட்டார் என்பாயே. வாசலில் ஒரு குடம் தண்ணீர் வை.

உன் வீட்டுக்காரன்