கம்பி அங்கே, துணி இங்கே

ஃபஹாஹீல், குவைத்
12 அக்டோபர் 2024, சனி

அன்புள்ள சம்யு,

லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் பதினெட்டிலிருந்து ஜனவரி மூன்று வரை. "ஆஸ்திரேலியாவில் யார் இருக்கிறார்கள்?" என்று மேனேஜர் இரண்டு தடவை கேட்டார். யாருமே இல்லை, அதனால்தான் போகிறோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் ஒவ்வொரு லீவும் கோவையில்தான் போயிருக்கிறது. அம்மா, பெரியம்மா, விருந்து, கோவில். நாம் தனியாக இருந்தது ஈத் விடுமுறையில் துபாய் ஹோட்டலில் இரண்டு நாள். அதிலும் பாதி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவிடம் இந்த வருடம் லீவே இல்லை என்று சொல்லிவிட்டேன். பாவம், நம்பிவிட்டாள்.

முதுகுப் பை வாங்கியாயிற்று. ரூமில் சேதுபதி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கேஸ் சிலிண்டர் டெலிவரிக்குப் போறியா?" என்கிறார்.

இன்னொன்று. இங்கே ஃபேமிலி விசா மறுபடி திறந்து மாதக்கணக்காகிவிட்டது. கம்பெனியில் விசா வேலை பார்க்கும் மந்தூப் என்னைக் கண்டாலே "மேடம் பேப்பர் எங்கே?" என்கிறார். மூடியிருந்தவரை அரசாங்கத்தைக் குறை சொன்னோம், இப்போது யாரைச் சொல்வது? நீ அந்த ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடேன். கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஃபிளாட் எடுக்கிறேன். யோசித்துச் சொல்.

உன்,
முரளி


முசஃபா, அபுதாபி
19 அக்டோபர், சனி

அன்புள்ள முரளிக்கு,

உங்களுக்கு வெள்ளி சனி லீவு, எனக்கு சனி ஞாயிறு. ரெண்டு பேருக்கும் பொதுவா வாய்ச்சது இந்த ஒரு சனிக்கிழமை. அதையும் மெயில்ல கடிதம் எழுதியே தீர்க்கிறோம். போன்ல பேசலாம்னா பாதி நேரம் லைன் கட்டாகுது. கட்டாகலைன்னாலும் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேற என்ன" தான். எழுத்துல மட்டும் எங்கிருந்துதான் உங்களுக்கு இவ்வளவு பேச்சு வருதோ.

நான் டென்ட் கட்டறது எப்படின்னு வீடியோவாப் பார்த்துட்டிருக்கேன். என் ரூம்மேட் நஸீஹா டீச்சர், "தேனிலவுக்கா டீச்சர்? இவ்வளவு லேட்டாவா?"ன்னு கேக்கறாங்க. ஆமான்னுட்டேன். வெட்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

வேலையை விடச் சொன்ன வரியை ரெண்டு தடவை படிச்சேன். பதில் இப்ப சொல்ல மாட்டேன். அங்க போய் எதிர் எதிரா உட்கார்ந்து முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் விசாங்கிற வார்த்தையே வரக் கூடாது. எனக்கு வேற பயம் இருக்கு. பதினஞ்சு நாள் என்கூடவே இருந்தா உங்களுக்கு அலுத்துப் போயிடுமோன்னு.

தடிமனா நாலு ஜோடி சாக்ஸ் வாங்குங்க. ரசப்பொடி நான் எடுத்துக்கறேன்.

உங்கள்,
சம்யுக்தா


பிச்செனோ, டாஸ்மேனியா
கூடாரத்துக்குள்ளிருந்து
24 டிசம்பர்

முரளிக்கு,

நீங்க கேம்ப் சமையல் கட்டுல பாத்திரம் கழுவப் போயிருக்கீங்க. திரும்பி வர்றதுக்குள்ள எழுதி உங்க தலையணைக்கு அடியில வைக்கிறேன். சிரிக்காதீங்க. ரெண்டு முழ இடத்துல படுத்திருக்கிற ஆளுக்கு லெட்டர் எழுதற பைத்தியம் நானாத்தான் இருப்பேன்.

வந்து இத்தனை நாளாச்சு, நாம என்ன பேசினோம்? மேப்பைப் பார், பஸ் வந்தாச்சு, குளிருதா, சாப்பிட்டியா. மெல்போர்ன் ஏர்போர்ட்ல அந்த மோப்ப நாய் உங்க பைக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்ததே, அன்னைக்குத்தான் நல்லாச் சிரிச்சோம். எனக்காக ஃபஹாஹீல்ல இருந்து பச்சைக் கறிவேப்பிலையை ஈரத் துணில சுத்தி எடுத்துட்டு வந்திருக்கீங்க. அந்த கஸ்டம்ஸ் அம்மா அதை வாங்கிக் குப்பைல போட்டப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. ஆபீசர் நின்னதால சும்மா இருந்துட்டேன்.

மணி ஒன்பது ஆகப்போகுது, இன்னும் வெளிச்சம் போகலை. அதனால தைரியம் போறதுக்குள்ள எழுதிடறேன். நான் குவைத் வரலைங்க. பதினொண்ணாம் கிளாஸ் பசங்களுக்கு பிசிக்ஸ் நடத்தும்போதுதான் நான் நானா இருக்கேன். அதை விட்டுட்டு, கடலுக்குப் பக்கத்துல ஃபிளாட் எடுத்தாலும், நீங்க டூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும் ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார என்னால முடியாது. ஆனா நீங்க இல்லாம இருக்கவும் இனி முடியாது. நேத்து தூக்கத்துல உங்க கை என் மேல விழுந்துச்சு. கனமா இருந்தும் எடுக்கலை.

நீங்க அபுதாபிக்கு வருவீங்களா? மனைவி புருஷனை ஸ்பான்சர் பண்ணலாமாம், எங்க ஸ்கூல்ல விசா வேலை பார்க்கிற பி.ஆர்.ஓ.கிட்ட விசாரிச்சுட்டேன். என் விசால வாங்க. வந்து மெதுவா வேலை தேடிக்கலாம். இதைத்தான் இத்தனை நாளா வாயில வெச்சுட்டு முழுங்கிட்டு இருக்கேன்.

சம்யு


அதே இடம்
25 டிசம்பர், காலை

சம்யு,

நீ பல் தேய்க்கப் போயிருக்கிறாய். எனக்கும் எழுத்துதான் வருகிறது, என்ன செய்ய.

பக்கத்துக் கூடாரத்துக் கிழவனும் கிழவியும் ஒரு ஆணி தொலைந்துபோனதற்கு விடிந்ததிலிருந்து சண்டை போடுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. சண்டை போடக்கூட நமக்குப் பழக்கமில்லை.

ராத்திரியே படித்துவிட்டேன். நீ விழித்திருந்தாய் என்று தெரியும். நானும் தூங்கவில்லை. உன் விசாவில் வருவது என்றால், ஊரில் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதலில் வந்தது. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உட்கார்ந்திருக்கான்." அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் நினைத்தேன். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. திரும்பிப் போனதும் பதில் சொல்கிறேன்.

இன்று கிறிஸ்துமஸ், ஒரு கடையும் கிடையாது. ரொட்டியும் உன் ரசமும்தான். இருட்டியதும் பாறைப் பக்கம் பென்குவின் வருமாம். என்னோடு வருகிறாயா? பேசாமலே வேடிக்கை பார்க்கலாம். கையை மட்டும் கொடு.

முரளி


முசஃபா
4 ஜனவரி 2025, சனி

அன்புள்ள முரளிக்கு,

நேத்து அபுதாபி ஏர்போர்ட்ல நீங்க குவைத் ஃபிளைட்டுக்காக டிரான்ஸ்ஃபர் பலகைப் பக்கம் திரும்பினீங்க, நான் அரைவல்ஸ் பலகைப் பக்கம். டாக்சி ஏறினா இருபது நிமிஷத்துல என் பில்டிங். இவ்வளவு கிட்ட வந்துட்டு வாசலைக்கூடப் பார்க்காமப் போயிட்டீங்களே. வந்திருந்தாலும் இது லேடி டீச்சர்ஸ் ஃபிளாட், வாட்ச்மேன் லிஃப்ட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தியிருப்பார். அது தெரியும். தெரிஞ்சும் டாக்சியில அழுதுட்டேன். டிரைவர் பட்டான்காரர், டிஷ்யூ பெட்டியைப் பின்னாடி தள்ளிட்டு ரேடியோவை நிறுத்திட்டார்.

பையைப் பிரிச்சப்பத்தான் பார்த்தேன். மெல்போர்ன் கவுண்டர்ல எடை கூடிப்போச்சுன்னு தரையில உட்கார்ந்து ரெண்டு பையையும் மாத்தி மாத்தி அடுக்கினோமே. கூடாரத்துத் துணி என்கிட்ட வந்திருக்கு, கம்பியும் ஆணியும் உங்ககிட்ட போயிடுச்சு. துவைக்க மனசு வரலை. விறகுப் புகையும் கடல் வாசமும் அப்படியே இருக்கு. மடிச்சுத் தலையணைக்குப் பதிலா வெச்சுக்கறேன்.

பென்குவின் ஒண்ணு உங்க ஷூ மேல ஏறி நின்னுச்சே, நீங்க மூச்சுக்கூட விடாம நின்னீங்களே. அந்த இருட்டுல என் கையைப் பிடிச்சிருந்த பிடி இன்னும் விரல்ல இருக்கு. பதிலுக்குக் காத்திருக்கேன்.

உங்கள்,
சம்யு


ஃபஹாஹீல்
11 ஜனவரி, சனி

அன்புள்ள சம்யு,

வந்த நாளிலிருந்து பிளான்ட்டை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை. இரவு பகல் தெரியவில்லை. கம்பிகள் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. சேதுபதி அண்ணன் தூண்டில் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை மீன் பிடிக்கக் கூப்பிட்டார்.

தூக்கம்தான் சரியில்லை. கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கிறேன். உனக்கு இடம் விடுகிற பழக்கம் போகவில்லை.

நீ கேட்டதைப் பற்றி. இங்கே எனக்கு லீட் என்ஜினியர் பதவி வரும் போலிருக்கிறது. பத்து வருட உழைப்பு, சம்யு. இந்த நேரத்தில் விட்டுவிட்டு வருவது சரியா என்று தெரியவில்லை. இன்னும் ஒரு வருடம் பார்ப்போமா? அதற்குள் உன் மனதும் மாறலாம், யார் கண்டது.

கம்பி இங்கே சும்மா கிடக்கிறது. கூரியரில் போட்டுவிடவா? நீயாவது நஸீஹா டீச்சரோடு பாலைவனத்துக்குப் போய் கட்டிப் பார்க்கலாம்.

உன்,
முரளி


முசஃபா
18 ஜனவரி, சனி

முரளிக்கு,

அனுப்பாதீங்க. நஸீஹா டீச்சரோட போய்ப் படுக்கறதுக்கா அந்தக் கூடாரத்தை வாங்கினோம்?

"இன்னும் ஒரு வருஷம்" உங்க வாயிலிருந்து வர்றது இது முதல் தடவை இல்லை. விசா மூடியிருந்தப்ப அந்த வார்த்தை வலிக்கலை. இப்ப வலிக்குது. நான் இறங்கி வரலைன்னு நீங்க நினைக்கலாம். நினைச்சுக்கோங்க. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இல்லைன்னு சொல்லலை, சரின்னும் சொல்லலை. கூரியர் செலவைப் பத்திப் பேசறீங்க.

நான் இங்க பக்கத்துலேயே ஷாபியாவுல ஒரு ரூம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். பிப்ரவரி ஒண்ணாம் தேதி போறேன். என் பேர்ல வீடு இருந்தாத்தான் உங்களுக்கு விசா போட முடியும்னு எடுத்தேன். நீங்க வரலைன்னாலும் அங்கதான் இருப்பேன். ஹாலை அளந்து பார்த்தேன், அந்தக் கூடாரம் விரிக்கிற அளவு இருக்கு.

இனி சனிக்கிழமைக் கடிதம் வேண்டாம். நானும் எழுதலை. கடிதம் இருக்கிற வரைக்கும் நமக்கு இதுவே போதும்னு தோணிப் போகுது. எனக்குப் போதலைங்க. பதில்னு ஒண்ணு இருந்தா மட்டும் எழுதுங்க. வரலைன்னா கம்பியை அனுப்ப வேண்டாம், நான் துணியை உங்களுக்கு அனுப்பிடறேன். ஒரே இடத்துல இருக்கட்டும்.

ராத்திரி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கோங்க. இருமல் இருந்துச்சு உங்களுக்கு.

சம்யுக்தா


ஃபஹாஹீல்
29 மார்ச் 2025, சனி

அன்புள்ள சம்யு,

துணியை அனுப்பாதே.

லீட் என்ஜினியர் பதவி ஜனவரி கடைசியில் வந்தது. மேனேஜர் கை கொடுத்தார். அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் உனக்கு எழுதத்தான் போனில் விரல் போனது. எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். போனைப் பையில் போட்டுவிட்டேன். அந்த சனிக்கிழமை காலையிலிருந்து மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். வராது என்று தெரிந்தேதான் பார்த்தேன். சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாத பதவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று அன்று தோன்றியது. மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்ந்த வாரத்திலேயே வேலையை விடுகிறவனை அவர் பார்த்ததில்லையாம்.

உடனே ஏன் எழுதவில்லை என்று கோபப்படுவாய். மறுபடி வெறும் எழுத்தாக எதையும் அனுப்ப வெட்கமாக இருந்தது. கல்யாணச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைத்து அட்டெஸ்டேஷனுக்குக் கொடுத்தேன். சென்னை, டெல்லி, தூதரகம் எல்லாம் சுற்றி, பின்பக்கம் முழுக்க முத்திரையோடு முந்தாநாள் கைக்கு வந்தது. நாம் புருஷன் பெண்டாட்டி என்று இத்தனை பேர் ஒப்புக்கொண்டது இப்போதுதான். இதோடு நகல் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பின்னணி போட்டோவும் இருக்கிறது. அதில் கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கிறேன், பரவாயில்லை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். லீவு இல்லை என்று சொன்ன பொய், ஆஸ்திரேலியா, உன் விசா, எல்லாம். மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் அவளே கூப்பிட்டு, "அங்க போயி அந்தப் புள்ளைக்கு சோறாக்கவாவது பழகிக்கோ சாமி" என்றாள். இப்போது சேதுபதி அண்ணனிடம் சாம்பார் கற்றுக்கொள்கிறேன். விசாவில் தொழில் என்ற இடத்தில் என்ன போடுவார்கள் என்று அவர் கேட்டார். என்ன வேண்டுமானாலும் போடட்டும் என்றேன். ஊர் பேசும். பேசட்டும் என்று எழுதுகிற அளவுக்குத் தைரியம் வந்திருக்கிறது. முழுதாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மீதியை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மே முதல் வாரத்தோடு நோட்டீஸ் முடிகிறது. முதலில் விசிட் விசாவில் வருகிறேன், பிறகு ஃபேமிலி விசாவை நீ போடு. ஹாலில் சோபா எதுவும் வாங்கிவிடாதே. நேரில் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். ஒரு ஆணி தொலைந்திருக்கிறது, நீதான் தொலைத்தாய் என்று நான் சொல்லப்போகிறேன். அங்கிருந்து ஆரம்பிப்போம்.

கம்பிகளைப் பையில் முதலாவதாக வைத்துவிட்டேன். இந்தத் தடவை நானும் அரைவல்ஸ் பலகைப் பக்கம்தான் திரும்புவேன்.

உன்,
முரளி