இடது சக்கரத்துச் சிவப்புக் கோடு

மூர்த்தி, என் செல்லத் தம்பி,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. லூனாஸில் நம் வீட்டுக் கொட்டகையில் உன் ரேஸ் கார் அப்படியே நிற்கிறது. சாவி என்னிடம்தான். யாரையும் கிட்ட விடவில்லை.

போன வாரம் உன் கூட்டாளி சேகர் வந்து காரைக் காட்டினான். "சனிக்கிழமை கிளப் ரேஸ் இருக்கு அக்கா. மூர்த்தி பேர்ல இந்தக் கெரெத்தாவ ஓட்டுறேன் லா" என்றான். என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. எனக்குச் சுருக்கென்றது. பின் சீட்டைக் கழற்றி எறிந்து, உள்ளே கம்பிக் கூண்டு வைத்து, என்ஜினை மாற்றி, இரண்டு வருஷம் நீ பாடுபட்ட கார். அதிலிருந்த நல்ல சாமான் எல்லாம் இன்னும் இருக்கிறதா? இல்லை, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே இவன் கழற்றிவிட்டானா?

சிரிக்காதே. ஃபேக்டரியில் சரக்கைச் சோதிக்கிறவள் நான். எனக்குச் சம்பளமே சந்தேகப்படத்தானே?

இன்று வெள்ளிக்கிழமை, ஃபேக்டரிக்கு வார லீவு. மத்தியானம் சேகரை வரச் சொல்லிவிட்டு, பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். உன் வழக்கம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கியதும், என் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு போடுவாய். கோடு விலகியிருந்தால் போல்ட் அசைந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை பாட்டிலைத் தீர்த்தாய், கழுதை!

எல்லாக் கோடும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. இடது முன்சக்கரத்து பிரேக்கில் மட்டும் இரண்டு கோடு, புழு மாதிரி நெளிந்திருந்தது. உன் கை அப்படிப் போடாது. ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"டேய் சேகர்! பிரேக்கக் கழட்டிட்டு, என் நகப்பூச்சையே எடுத்துக் கள்ளக் கோடு போட்டியா?"

அவன் குனிந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. "அது அவன் போட்டதுதான் அக்கா. நான்தான் டார்ச் பிடிச்சேன்."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமா லா. அன்னிக்கே அவனுக்கு நல்ல காய்ச்சல். ஒடம்பு கொதிச்சிச்சு, கை நடுங்குச்சு. அக்காகிட்ட சொல்லாத, கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போயிடும், ரேஸ் போயிடும்னான். நானும் வாய மூடிக்கிட்டேன்."

ஏழு மாதமாக அவன் மறைத்தது இதைத்தான். சந்தேகம் சரி, விஷயம்தான் வேறு.

ஆனாலும் நான் விடவில்லை. "இறுக்கிக் காட்டு" என்றேன். அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனரை மாட்டினான். ஒழுங்காக இறுகிய போல்ட் என்றால், திரும்பாமலே 'டிக்' என்று சத்தம் வரும். வரவில்லை. போல்ட் முக்கால் சுற்று சுற்றியது. அடுத்தது அதைவிட மோசம். கையால் முடுக்கிவிட்டு, இறுக்காமலே கோடு போட்டிருக்கிறாய். சேகர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பிள்ளைக்கு அப்பா அவன்.

பாவி, நாளைக்கு அவனைக் கொன்றிருப்பாயேடா!

அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த வாரம் சோற்றை ஒதுக்கிவிட்டு, "சும்மா டயர்ட் லா அக்கா" என்றாய். மீன்காரன் தராசைக்கூட நம்பாத நான் அதை எப்படி நம்பினேன்? டெங்கி என்று டாக்டர் சொன்னபோது நாள் கடந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உன் நெற்றியில் கை வைத்திருந்தால்?

சேகர் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கினான். ஒவ்வொன்றுக்கும் சத்தம் கேட்ட பிறகே நான் புதுக் கோடு போட்டேன். உன் நெளிந்த கோட்டைத் துடைக்கத் துணியை எடுத்தான். கையைத் தட்டிவிட்டேன். அது நீ கடைசியாக வேலை செய்த இடம், அப்படியே இருக்கட்டும்.

நாளைக்கு உன் கார் ஓடும். புறப்படும் முன் சேகரைக் கிட்டக் கூப்பிட்டு, அவன் என்ன சொன்னாலும் கேட்காமல், நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். சுடவில்லை என்றால்தான் சாவியைக் கொடுப்பேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னை மட்டும் சந்தேகப்படாமல் விட்ட
உன் அக்கா, ராணி