சார்ஜனின் மூன்று மைல்

இன்று காலை, பள்ளித் தமிழ்மொழிக் கழகக் கூட்டத்தில் உங்கள் தைல வாசம் வந்தது. பேச வந்திருந்த முன்னாள் ராணுவ வீரர் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது என்று என் மூக்குக்கு யாரும் சொல்லவில்லை போலும். அது உங்களைத் தேடியது, சார்ஜன்.

தாத்தா என்று கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. "சார்ஜன்னு பட்டாளம் குடுத்த பேரு இருக்குல்ல?" என்பீர்கள். ஆண்டுதோறும் எங்கள் கூலிம் பள்ளிக்கு வந்து ஒரே கதையைச் சொல்வீர்கள்: பாலிங் எல்லைக் காட்டில் கண்ணிவெடி வெடித்ததும், அடிபட்ட நண்பர் மாரிமுத்துவைத் தோளில் சுமந்து வந்ததும். கதை வளரவில்லை, தூரம் வளர்ந்தது. மூன்றாம் படிவ வகுப்பில் இருந்தபோது நான் கை தூக்கினேன்.

"சார்ஜன், மொத வருஷம் ஒரு மைல், போன வருஷம் ரெண்டு, இப்ப மூணு. அடுத்த வருஷம் டோல் கட்டணுமா?"

மண்டபமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு பாதியிலேயே இறங்கிப் போனீர்கள். கட்டொழுங்கு ஆசிரியர் என் பெயரை எழுதிக்கொண்டார். அது எனக்குப் பழகிய வலி. உங்கள் முதுகைப் பார்த்ததுதான் பழகாத வலி.

மூன்றாம் நாள், சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம், பீசாங் கோரேங் பொட்டலத்தோடு உங்கள் வீட்டு கேட்டில் நின்றேன்.

"வா, மைல்கல்லு," என்றீர்கள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் முந்திக்கொண்டீர்கள்.

"நான் அவனத் தூக்கல பிள்ள. அவன்தான் என்னைத் தூக்குனான். மொத வருஷம் டீச்சர் மாத்திச் சொல்லி அறிமுகப்படுத்திட்டாங்க. எல்லாரும் கை தட்டுனீங்க. திருத்த வாய் வரல. அவனும் போய்ச் சேர்ந்துட்டான், கேக்க ஆளில்ல."

"நான் இருக்கேன்ல," என்றேன்.

அடுத்த ஆண்டு வருவீர்களா என்பதே சந்தேகமாக இருந்தது. வந்தீர்கள். "என்னைத் தூக்கிட்டு வந்தவன் பேரு மாரிமுத்து. இத்தன நாளா மாத்திச் சொன்னேன்," என்று மைக்கில் சொன்னீர்கள். எவனாவது சிரித்துவிடுவானோ என்று பின்வரிசை முழுவதையும் நான் முறைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டைத் தளர்த்தினீர்கள்.

"அப்பாடா. இப்பதான் லா மூச்சு விட முடியுது."

"நெசமா எத்தன மைல், சார்ஜன்?"

"யாருக்குத் தெரியும்? நான் மயக்கத்துல கெடந்தேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் நீங்கள் போய்ச் சேரவில்லை. அந்த நிம்மதி எனக்குப் போதும்.

இன்று அந்தப் புதியவர் தன் காட்டுச் சண்டையைப் பற்றிப் பேசி முடித்ததும் கை தூக்கினேன். ஆசிரியரின் முகம் வெளுத்தது.

"ஐயா, காட்டுல உங்களத் தூக்கிவிட்டது யாரு?"

அவர் தைலக் குப்பியை மூடி வைத்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். என் நோட்டில், உங்கள் மாரிமுத்துவின் பெயருக்குக் கீழே அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.