கூரையோரத்துக் கிளாஸ்

புதுச்சேரி, 1934 சனவரி

மாதா காவலில் இருக்கும் தம்பி லூயிசுக்கு அக்காள் அகஸ்டினா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

முதலில் என் மானம் போன கதை. பிரான்சில் துரை வீட்டுக் கூரையோரத்தில் கிளாஸ் கட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைக் கண்ணாடி என்று நினைத்து, என் தம்பி கண்ணாடிக் கூரைக்குக் கீழே படுக்கிறான் என்று தெரு முழுக்கப் பீற்றிவிட்டேன். பிரெஞ்சு படித்த எதிர்வீட்டுப் பிரான்சுவா, "யக்கா, கிளாஸ்னா அவுங்க பாஷையில ஐஸு. ஒந்தம்பி வெறைச்சிக்கினு கெடக்கறான்" என்று சிரித்தான். அவனுக்கு இனிமேல் மீன்குழம்பு கிடையாது.

பிறகு எழுத்துக் கூட்டி மறுபடி படித்தேன். அடுப்புச் சூடு மேலே ஏறிக் கூரைப் பனியை உருக்குகிறது. உருகின தண்ணீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் இறுகி வரப்பு மாதிரி நிற்கிறது. பின்னால் வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கடியில் புகுந்து உன் கட்டிலில் சொட்டுகிறது. பரணில் கனமாக வைக்கோல் பரப்பினால் சூடு மேலே போகாது என்று கூரை வேலைக்காரன் சொல்லியும், நனைவது சமையல்காரன் கட்டில்தானே என்றாராம் துரை. இங்கே ஜட்ஜாக இருந்தபோது என் கையால் எத்தனை நண்டு தின்றார். அத்தனையும் இப்போது அவர் வயிற்றில் கடிக்கட்டும்.

கடுதாசி நெடுக மை தெறித்திருக்கிறது. இருமிக்கொண்டே எழுதினாயா?

சண்டை போடாதே. கெஞ்சவும் கெஞ்சாதே. கட்டிலை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொள். துரை உன் அறையில் போட்டு வைத்திருக்கிற தோல் பெட்டியைச் சொட்டுகிற இடத்துக்கு நகர்த்து. மூடியைக் கொஞ்சம் திறந்தே வை. வைக்கோல் தானாக வரும்.

அக்காள் அகஸ்டினா

புதுச்சேரி, 1934 ஏப்ரல்

தம்பி லூயிசுக்கு,

உன் கடுதாசி பார்த்து வயிறு குளிர்ந்தது. பெட்டி நனைந்த மறுநாளே வண்டி வைக்கோல் வந்ததாம். துரையே பரணில் நின்று பரப்பச் சொன்னாராம். அதற்கப்புறம் விழுந்த பனி வரப்புக் கட்டவில்லை, ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. பெட்டியைத் திறந்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்னும் நாலு பெட்டி இருந்திருக்கலாம்.

இருமல் நின்றதா என்று மட்டும் நீ எழுதவில்லை. மாதா உன் நெஞ்சில் கை வைத்துக் காக்கட்டும். அடுத்த குளிருக்குள் கப்பலேறி வந்துவிடு, ராசா.

அக்காள் அகஸ்டினா

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று. பெட்டியிலிருந்த கம்பளிக் கோட்டு, உனக்குக் கொடுக்கவென்று துரைசானி எடுத்து வைத்திருந்ததாமே. அடுப்போரம் காயப்போட்டதில் சுருங்கிவிட்டது என்றும், இப்போது துரைசானியின் நாய் போட்டுக்கொள்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். நாய்க்குச் சரியாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய்.