மாமா, நானே பேசுறேன்

மாமனாரா இருந்து அப்பாவா ஆயிட்டுப் போன என் மாமாவுக்கு,

நீங்க போயி இந்தப் பங்குனியோட ஒரு வருஷம். உங்க மகன் வண்டி பிடிக்கப் போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள உங்களுக்கு இதை எழுதிடணும்.

நான் ஸ்ரீரங்கத்துக்கு வாழ வந்து முதல் எட்டு வருஷம், நாம ரெண்டு பேரும் ஒரு வார்த்தை நேரா பேசினதில்லை. மாமனார் முன்னாடி மருமக வாய் திறக்கக் கூடாதுங்கறது வழக்கம். அத்தை இருந்தவரைக்கும் அவங்க வழியா. அவங்க காலமானப்புறம் உங்க பேத்தி செல்வி வழியா. “தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு.” “அம்மாவை மோர் ஊத்தச் சொல்லு.” ஆறு வயசுப் பிள்ளைக்குத் தொண்டை காஞ்சு போகும். அது பள்ளிக்கூடம் போயிட்டா வீட்டுல ஒரு பேச்சு இருக்காது.

அன்னிக்குக் காலையில வாழைத் தோட்டத்துலேர்ந்து உங்களைக் கயித்துக் கட்டில்ல தூக்கிட்டு வந்தாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் துடிச்சீங்க. வாந்தி நிக்கல. உங்க மகன் மாடு வாங்க மணப்பாறைச் சந்தைக்குப் போயிருந்தார். குதிரை வண்டி பிடிச்சு, செல்வியையும் ஏத்திக்கிட்டு, காவேரிப் பாலம் தாண்டி திருச்சியில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வார்டுக்குள்ள சின்னப் பிள்ளைங்க வரக்கூடாதுன்னுட்டாங்க. செல்வியை வண்டிக்காரர்கிட்ட விட்டுட்டு நான் மட்டும் உள்ளே வந்தேன்.

குடலிறக்கம், இறங்கின குடல் சிக்கிக்கிச்சு, உடனே ஆபரேஷன் பண்ணலன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னார் டாக்டர். நீங்க சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, பக்கத்துக் கட்டில்ல காலொடிஞ்சு கிடந்த முசிறிக்காரர்கிட்ட சொன்னீங்க: “மகன் வராம கத்தி வைக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க.”

அவரும் ரொம்பப் பொறுப்பா, ஒரு முழம் தள்ளி நின்ன என்கிட்ட, “மகன் வரணுமாம், அம்மா”ன்னார். அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துது மாமா. அடுத்த நிமிஷமே பொல்லாத கோபம் வந்துது. சந்தைக்கு ஆள் அனுப்பி அவர் வந்து சேர மறுநாளாயிடும். அதுவரைக்கும் நானும் முசிறிக்காரர்கிட்ட பதில் சொல்லிக்கிட்டு நிக்கறதா?

கட்டிலைச் சுத்தி வந்து உங்க முகத்துக்கு நேரா நின்னேன்.

“மாமா, உங்க மகன் வரும்போது நீங்க உசிரோட இருக்கணும். நான் கையெழுத்துப் போட்டாச்சு. வையணும்னா என்னை நேரா வையுங்க.”

கண்ணை மூடிக்கிட்டீங்க. அப்புறம் மெதுவா திறந்து, என்னைப் பாத்தே கேட்டீங்க.

“செல்வி சாப்பிட்டாளா?”

“இன்னும் இல்ல மாமா.”

“முதல்ல அதுக்கு ஏதாவது வாங்கிக் குடும்மா. நான் போயிட்டு வரேன்.”

போயிட்டு வந்தீங்க. அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் பேசித் தீர்த்தோம். உப்பு குறைச்சல்னு நேராவே வஞ்சீங்க, நானும் விட்டுக்கொடுக்கல. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா வேட்டியை இறுக்கிக் கட்டி அந்த வலியை ஏன் மறைச்சீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். “உன் புருஷன் எங்க வீடு தங்குறான்? ஆறு வயசுப் பிள்ளைகிட்ட சொல்லி அனுப்புற வலியாம்மா அது?”ன்னீங்க. அதைக் கேட்டு அழுதேன். இப்போ நினைச்சாலும் அழுகை வருது.

நீங்க முன்ன நின்னு காட்டூர்ல கட்டிக் கொடுத்தீங்களே, அந்தச் செல்வி இப்போ ஏழு மாசம். இன்னிக்குத் தபால்ல அவ கடுதாசி வந்துது. பத்து நாளா தலைவலியாம், காலு ரெண்டும் வீங்கிக் கிடக்காம். மாப்பிள்ளைக்கு வெளியூர்ல வேலை, மாமியாரும் இல்லாத வீடு. ‘மாமனார்கிட்ட நான் எப்படிம்மா நேரா சொல்றது? எங்களோட இருக்கற நாத்தனார் மக லீவுக்குப் போயிருக்கா, வந்ததும் சொல்லச் சொல்றேன்’னு எழுதியிருக்கா.

நம்ம ரெண்டு பேர் பேச்சையும் சுமந்த பிள்ளை, தன் வலியைச் சொல்ல ஆளைத் தேடிக்கிட்டு உக்காந்திருக்கு. நாமதானே மாமா பழக்கினோம்? அப்போ நாமதான் மாத்தணும்.

இன்னிக்கே அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன். கிளம்புறதுக்கு முன்னாடி அவளை அவ மாமனார் எதிர்ல நிறுத்தி, அவ வாயாலயே சொல்ல வைப்பேன். சம்பந்தி முகம் சுளிச்சா சுளிக்கட்டும். அவ வயித்துல இருக்கறது பொறந்து தன் பேச்சை மட்டும் பேசட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கற வாக்கு.

வாசல்ல வண்டி வந்துடுச்சு. நான் போயிட்டு வரேன் மாமா.

உங்க எதிர்ல நின்னு பேசின மருமகள்,
தனம்